டிலே பெடலை மிதிச்சா சத்தம் குழம்புதா? டியூப் கிட்டார் ஆம்ப்பில் 'எஃபெக்ட்ஸ் லூப்' சேர்ப்பது எப்படி? யாருக்குத் தேவை? முழு விளக்கம்

மேடையில் கிட்டார் கலைஞர் சோலோவுக்குத் தயாராகிறார். ஆம்ப்பில் கெயினை நன்றாக ஏற்றி வைத்திருக்கிறார். சரியான நேரத்தில் டிலே பெடலை மிதிக்கிறார். வாசிக்கும் ஒவ்வொரு நோட்டும் மெல்ல மெல்லத் தேய்ந்து எதிரொலிக்க வேண்டும். ஆனால் ஸ்பீக்கரில் வருவது ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிய இரைச்சல்.

பெடல் கெட்டுப்போச்சா? இல்லை. புது பெடல் வாங்கினாலும் இதே கதைதான். பெடல் நல்லாத்தான் இருக்கு, அது இருக்கும் இடம்தான் தப்பு. அந்தப் பெடலைச் சரியான இடத்தில் கொண்டுபோய் வைப்பதற்கு ஆம்ப்பின் பின்பக்கம் திறக்கும் வாசல்தான் எஃபெக்ட்ஸ் லூப். பழைய டியூப் ஆம்ப்கள் பலவற்றில் இந்த வாசலே கிடையாது. அதைப் பின்னாடி சேர்க்க முடியும். ஆனால் அதில் சத்தத்துக்கும் ஆபத்து இருக்கு, கொஞ்சம் அசந்தால் உயிருக்கும் ஆபத்து இருக்கு.

ஆம்ப்புக்குள் என்ன நடக்குது?

தாத்தா காலத்து வால்வு ரேடியோவைப் பார்த்தவர்களுக்கு டியூப் ஆம்ப் புதுசு இல்லை. போட்டதும் உடனே பாடாது, கொஞ்சம் சூடாகணும், உள்ளே கண்ணாடிக் குழாய்கள் ஆரஞ்சு நிறத்தில் மினுங்கும். அதே வால்வுதான் இங்கேயும். கிட்டார்காரர்கள் இன்றும் இதை விடாமல் பிடித்திருப்பதற்குக் காரணம், வால்வை அதன் எல்லைக்கு மேல் தள்ளும்போது வரும் டிஸ்டார்ஷன். ராக் இசையின் அடையாளமே அந்தக் கரகரப்புதான்.

ஆம்ப்பை இரண்டு பாதியாகப் பிரித்துப் பார்க்கலாம். முதல் பாதி ப்ரீஆம்ப். கிட்டாரிலிருந்து வரும் மிகச் சிறிய சிக்னலைப் பெரிதாக்கி, பாஸ், மிடில், ட்ரெபிள் எல்லாம் சேர்த்து அதற்கு ஒரு குணத்தைக் கொடுப்பது இதன் வேலை. இங்கே இருப்பவை விரல் நீளச் சின்ன வால்வுகள். பெரும்பாலும் 12ஏஎக்ஸ்7, ஐரோப்பியப் பெயர் ஈசிசி83. இரண்டாவது பாதி பவர் ஆம்ப். இஎல்34 மாதிரி பெரிய வால்வுகள் இங்கேதான் உட்கார்ந்திருக்கும். ஸ்பீக்கரைத் தள்ளும் சக்தி இதனுடையது.

இப்போது டிலே பிரச்னைக்கு வருவோம். மங்கலான பென்சில் ஓவியத்தை இருட்டு செட்டிங்கில் ஜெராக்ஸ் எடுத்துப் பாருங்கள். அழுத்தி வரைந்த கோடும் கருப்பாக வரும், லேசாகத் தீட்டிய நிழலும் கருப்பாகவே வரும். டிஸ்டார்ஷன் செய்வதும் இதுதான். சத்தமான நோட்டையும் மெல்லிய எதிரொலியையும் கிட்டத்தட்ட ஒரே அளவுக்குத் தூக்கிவிடும். தேய்ந்து மறைய வேண்டிய எதிரொலி தேயவே தேயாது. அது மட்டுமில்லை, அசல் நோட்டும் எதிரொலியும் ஒரே நேரத்தில் டிஸ்டார்ஷனுக்குள் போனால் இரண்டும் கலந்து, யாரும் வாசிக்காத புதுப்புது அதிர்வெண்கள் பிறக்கும். நாம் 'குழப்பம்' என்று கேட்பது அதைத்தான்.

அப்படியானால் ஜெராக்ஸ் எடுத்த பிறகு நிழல் தீட்டினால் சரியாகிவிடும் இல்லையா? ப்ரீஆம்ப்பில் டிஸ்டார்ஷன் முடிந்த பிறகு, பவர் ஆம்ப்புக்குப் போவதற்கு முன்னால் சிக்னலை வெளியே எடுத்து, டிலே, ரிவெர்ப் எல்லாம் போட்டு, திரும்ப உள்ளே அனுப்புவதுதான் லூப். வெளியே வரும் ஜாக் 'சென்ட்', உள்ளே போகும் ஜாக் 'ரிட்டர்ன்'.

கலிஃபோர்னியாவின் மெசா பூகி நிறுவனம் 1970-களின் கடைசியிலேயே தன் மார்க் வரிசை ஆம்ப்களில் இதைக் கொடுக்க ஆரம்பித்துவிட்டது. 1980-களில் ரேக் எஃபெக்ட்ஸ் பெட்டிகள் ஸ்டூடியோவில் இருந்து மேடைக்கு வந்த பிறகு லூப் எல்லாரும் எதிர்பார்க்கிற விஷயமாகிவிட்டது. பிரிட்டனின் மார்ஷல் ஜேசிஎம்800 வரிசையில் இரண்டு சேனல் கொண்ட 2205, 2210 மாடல்களில் லூப் உண்டு. ஆனால் அதே வரிசையில் இன்றைக்கும் அதிகம் பேசப்படும் 2203 மாடலில் கிடையாது. 1975-ல் மாஸ்டர் வால்யூமோடு வந்த 100 வாட் ஆம்ப் அது. 1981-ல் ஜேசிஎம்800 என்ற பெயரை வாங்கியது. ஒரே சேனல், நேரடியான வடிவமைப்பு, லூப் இல்லை. பிற்காலத்தில் மார்ஷலே அதை மறுபதிப்பாகக் கொண்டுவந்தபோது லூப் சேர்த்துத்தான் விற்றது. அந்த ஒரு விஷயமே தேவை இருந்ததைச் சொல்லிவிடுகிறது.

எல்லாருக்கும் லூப் தேவையா?

தேவையில்லை. ஆம்ப்பைத் திறப்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய ஒரே கேள்வி: உங்கள் டிஸ்டார்ஷன் எங்கிருந்து வருது?

மாஸ்டர் வால்யூம் இல்லாத பழைய மார்ஷல் சூப்பர் லீட் மாதிரி ஆம்ப்பில், வால்யூமை முழுதாக ஏற்றித்தான் அந்தக் கரகரப்பை வாங்க முடியும். அதில் பெரும் பங்கு பவர் ஆம்ப்பில் பிறப்பது. லூப் வைத்தாலும் டிலே பவர் ஆம்ப்புக்கு முன்னால்தானே இருக்கும்? குழப்பம் அப்படியே தொடரும். செலவு செய்து துளை போட்டுவிட்டு 'ஒண்ணுமே மாறலையே' என்று ஏமாறுவது பெரும்பாலும் இந்த வகை ஆம்ப்காரர்கள்தான்.

ஆம்ப்பைச் சுத்தமாகவோ லேசான கரகரப்போடோ வைத்து வாசிப்பவருக்கும் லூப் வேண்டாம். யூ2 குழுவின் தி எட்ஜ் டிலே சத்தத்துக்கே பேர் போனவர். அவர் நம்பியிருப்பது வாக்ஸ் ஏசி30 ஆம்ப். அந்தப் பழைய ஏசி30-ல் லூப் என்று ஒன்றே கிடையாது. டிலே நேராக ஆம்ப்பின் முன்வாசலில்தான் போகிறது.

கரகரப்பு பெடலில் இருந்து வருகிறதா? டிஸ்டார்ஷன் பெடலை முன்னாலும் டிலேயை அதன் பின்னாலும் வரிசைப்படுத்தி, ஆம்ப்பைச் சுத்தமாக வையுங்கள். லூப் செய்யும் வேலை காசில்லாமல் முடிந்தது.

மிச்சம் இருப்பவர் ஒருவர்தான். 2203 மாதிரி, ப்ரீஆம்ப்பிலேயே டிஸ்டார்ஷனை உருவாக்கி, மாஸ்டர் வால்யூமில் சத்தத்தைக் கட்டுப்படுத்தும் ஆம்ப் வைத்திருப்பவர். இனி வருவது அவருக்கு.

ரெண்டு ஜாக் போட்டா போதாதா?

இங்கேதான் நிறைய பேர் வழுக்கி விழுறாங்க. ப்ரீஆம்ப்புக்கும் பவர் ஆம்ப்புக்கும் நடுவில் வயரை வெட்டி இரண்டு ஜாக் போட்டுவிட்டால் அதுவும் லூப்தான். 'பாஸிவ் லூப்' என்பார்கள். செலவு குறைவு. ஆனால் இரண்டு கணக்குகள் இடிக்கும்.

முதல் கணக்கு, சிக்னலின் அளவு. கிட்டாரில் இருந்து வருவது வோல்ட்டில் சின்னப் பங்குதான். பலமாக அடித்தால் 1 வோல்ட் பக்கம் போகலாம். ஸ்டூடியோ கருவிகள் எதிர்பார்க்கும் 'லைன் லெவல்' 1.23 வோல்ட், வீட்டுக் கருவிகள் தரத்தில் 0.316 வோல்ட். ஆனால் சூடான ஒரு டியூப் ப்ரீஆம்ப் டோன் கன்ட்ரோல்களைத் தாண்டி வரும்போதும் பல வோல்ட் கொடுக்கும். 9 வோல்ட்டில் ஓடும் பெடலுக்கு மேலும் கீழும் சேர்த்து மொத்தமே 9 வோல்ட் இடம், நிஜத்தில் அதைவிடக் குறைவு. அதில் இவ்வளவையும் திணித்தால் பெடலே அசிங்கமாகக் கிழியும். ட்ரான்சிஸ்டர் கிழிசலுக்கும் வால்வு கிழிசலுக்கும் உள்ள வித்தியாசம் அப்போது நன்றாகப் புரியும்.

இரண்டாவது கணக்கு, இம்பீடன்ஸ். சிக்னலுக்குப் பின்னால் எவ்வளவு தம் இருக்கு என்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இம்பீடன்ஸ் அதிகம் என்றால் தம் குறைவு. 2203-ன் டோன் கன்ட்ரோல் பகுதியைத் தாண்டிய இடத்தில் இது சுமார் 1 லட்சம் ஓம் அளவில் இருக்கும் என்று வைப்போம். கிட்டார் கேபிளுக்கு மீட்டருக்கு ஏறக்குறைய 100 பிக்கோஃபாரட் கெப்பாசிட்டன்ஸ் உண்டு. ஆம்ப்பில் இருந்து பெடல் போர்டு வரை 6 மீட்டர் கேபிள் என்றால் 600 பிக்கோஃபாரட். கணக்குப் போட்டால் சுமார் 2,650 ஹெர்ட்ஸுக்கு மேல் எல்லாம் தேய ஆரம்பிக்கும். கிட்டார் ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸ் வரை நன்றாகப் பேசும். அந்த நடுப்பகுதியில்தான் மார்ஷலின் கடி இருக்கு. கேபிளைச் செருகிய உடனே ஆம்ப் போர்வை போர்த்திக்கொண்ட மாதிரி கேட்பதற்குக் காரணம் இதுதான். செருகிய கருவி 10,000 ஓம் இன்புட் கொண்ட ரேக் பெட்டியாக இருந்தால் இன்னும் மோசம். சிக்னலில் பதினொன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும்.

அதனால் சரியான லூப்புக்கு மூன்று உறுப்புகள் வேண்டும். வெளியே அனுப்பும் முன் தம் கொடுக்கும் பஃபர், அளவைக் குறைக்கும் சென்ட் கன்ட்ரோல், திரும்பி வந்ததைப் பழைய அளவுக்குத் தூக்கும் ரெக்கவரி ஸ்டேஜ்.

12ஏஎக்ஸ்7 ஒன்றிலேயே இந்த வேலை முடியும் என்பது இதில் அழகான விஷயம். அந்தக் கண்ணாடிக்குள் இரண்டு தனித்தனி வால்வுகள் இருக்கு. ஒரு பாதியை 'கேத்தோடு ஃபாலோயர்' ஆக்கினால் அது பஃபர். அதன் அவுட்புட் இம்பீடன்ஸ் சுமார் 1,000 ஓம்தான். முன்பு போட்ட அதே கேபிள் கணக்கை இப்போது போட்டால் 2,650 ஹெர்ட்ஸ் என்பது 2.65 லட்சம் ஹெர்ட்ஸ் ஆகிவிடும். நாய்க்குக்கூடக் கேட்காத எல்லை அது, கவலை விட்டது. இன்னொரு பாதி, வழக்கமான பெருக்கியாக நின்று ரெக்கவரி வேலையைச் செய்யும். ஆம்ப் வடிவமைப்பாளர் ஹோவர்ட் டம்பிள் தன் ஆம்ப்களின் பாஸிவ் லூப்போடு சேர்த்துப் பயன்படுத்தத் தனிப் பெட்டியாகச் செய்த 'டம்ப்ளேட்டர்' இதே யோசனைதான்.

வால்வுக்குப் பதில் உயர் வோல்டேஜ் மாஸ்ஃபெட் வைத்துச் செய்யும் சர்க்யூட்களும் உண்டு. 'டியூப் ஆம்ப்பில் ட்ரான்சிஸ்டரா?' என்று முகம் சுளிப்பவர்கள், அந்த லூப்பில் அவர்கள் செருகப்போகும் டிஜிட்டல் டிலேக்குள் என்ன இருக்கு என்று ஒரு தடவை யோசித்துக்கொள்ளலாம்.

2203-ல் எங்கே வெட்டுவது?

இந்த ஆம்ப்பில் சிக்னல் போகும் பாதை: மூன்று கெயின் ஸ்டேஜ்கள், ஒரு கேத்தோடு ஃபாலோயர், பிறகு ட்ரெபிள்-பாஸ்-மிடில், பிறகு மாஸ்டர் வால்யூம், பிறகு ஃபேஸ் இன்வெர்ட்டர், கடைசியில் இஎல்34-கள். லூப்புக்கு நல்ல இடம் ட்ரெபிள் கன்ட்ரோலுக்கும் மாஸ்டருக்கும் நடுவில். மாஸ்டருக்குப் பிறகு வெட்டினால், வால்யூமைக் குறைக்கும்போதெல்லாம் பெடலுக்குப் போகும் சிக்னலும் குறையும், பெடலின் இரைச்சல் மட்டும் அப்படியே நிற்கும். மாஸ்டருக்கு முன்னால் வெட்டினால் பெடலுக்கு எப்போதும் ஒரே அளவு போகும். லூப்பின் இரைச்சலையும் மாஸ்டரே சேர்த்துக் குறைத்துவிடும்.

மின்சாரக் கணக்கையும் பார்க்கணும். ஒரு 12ஏஎக்ஸ்7-க்கு ஹீட்டர் கரன்ட் 6.3 வோல்ட்டில் 0.3 ஆம்பியர். 2203-ல் நாலு இஎல்34 தலா 1.5 ஆம்பியர், மூன்று சின்ன வால்வுகள் தலா 0.3 ஆம்பியர் என ஏற்கெனவே 6.9 ஆம்பியர் ஓடுது. புதுசு சேர்ந்தால் 7.2. பெரிய ட்ரான்ஸ்ஃபார்மர் கொண்ட 100 வாட் ஆம்ப்புக்கு இது பாரமில்லை. இரண்டே வால்வு கொண்ட 5 வாட் ஆம்ப்பில் இதையே செய்தால் ட்ரான்ஸ்ஃபார்மர் சூடு ஏறுதா என்று பார்த்தே ஆகணும்.

கேத்தோடு ஃபாலோயரில் பலர் மறக்கும் இன்னொரு எல்லை: ஹீட்டருக்கும் கேத்தோடுக்கும் நடுவில் ஈசிசி83 தாங்குவது 180 வோல்ட். கேத்தோடு 150, 200 என்று உயரத்தில் நிற்கும் சர்க்யூட்டில் அந்த எல்லை எளிதாகத் தாண்டிவிடும். வால்வு சீக்கிரம் சாகும், அல்லது ஹம் வரும். கேத்தோடு வோல்டேஜைத் தாழ்வாக வடிவமைக்கணும், இல்லாவிட்டால் ஹீட்டர் லைனையே சில பத்து வோல்ட் மேலே தூக்கி வைக்கணும்.

சென்ட் ஜாக்குக்கு முன்னால் இருக்கும் கெப்பாசிட்டரும் முக்கியம். ஆம்ப்புக்குள் எங்கும் 0.022 மைக்ரோஃபாரட் இருக்கிறதே என்று அதையே இங்கும் போட்டால், 10,000 ஓம் ரேக் பெட்டியைச் செருகும்போது சுமார் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே பாஸ் கரைந்துவிடும். 1 மைக்ரோஃபாரட் போட்டால் அந்த எல்லை 16 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். இந்தக் கெப்பாசிட்டர்தான் உள்ளே இருக்கும் நூற்றுக்கணக்கான வோல்ட்டை உங்கள் பெடலுக்குப் போகாமல் தடுக்கும் ஒரே சுவர் என்பதால், தாங்கும் வோல்டேஜில் கஞ்சத்தனம் கூடாது.

சீரிஸா, பேரலலா?

சீரிஸ் லூப்பில் முழு சிக்னலும் வெளியே போய் வரும். பேரலலில் பாதி உள்ளேயே ஓட, வெளியே போய் வந்தது அதோடு கலக்கும். அசல் சத்தம் கெடாது என்பது பேரலலின் பலம். ஆனால் வழக்கமான பெருக்கியாக நிற்கும் ஒவ்வொரு வால்வு ஸ்டேஜும் சிக்னலைத் தலைகீழாக்கும். கணக்கு தப்பி இரண்டும் எதிரெதிராகச் சந்தித்தால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். டிஜிட்டல் பெடல் அசல் சத்தத்தையும் சேர்த்து 2 மில்லி செகண்ட் தாமதமாகத் திருப்பி அனுப்பினால் 250 ஹெர்ட்ஸில் ஒரு பள்ளம், 750-ல் ஒரு பள்ளம் என்று டோன் சல்லடையாகும். முதல் முறை செய்பவர் சீரிஸோடு நிற்பது நல்லது.

உயிர் ஆபத்து: இதைப் படிக்காமல் திறக்காதீங்க

இந்த ஆம்ப்களுக்குள் 400 வோல்ட்டைத் தாண்டிய டிசி இருக்கு. சுவிட்சை அணைத்து, பிளக்கை உருவிய பிறகும் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் அந்த மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும். 450 வோல்ட் ஏறிய 100 மைக்ரோஃபாரட்டில் சுமார் 10 ஜூல் சக்தி தேங்கி நிற்குது. ஒரு கையில் இருந்து நெஞ்சு வழியாக இன்னொரு கைக்குப் பாய்ந்தால் உயிரே போகலாம். 'ஆஃப்லதானே இருக்கு' என்று கையை விட்டவர்கள் கதை ஆம்ப் ரிப்பேர் செய்பவர்களிடம் நிறைய கிடைக்கும்.

பிளக்கை முழுதாக உருவணும். கெப்பாசிட்டரை ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்யக் கூடாது, தீப்பொறி பறந்து உருப்படிகள் சாகும். 10,000 ஓம், 5 வாட் அல்லது அதற்கு மேற்பட்ட ரெசிஸ்டர் ஒன்றை, இன்சுலேஷன் உள்ள கிளிப் வயரில் கட்டி சேஸிஸுக்கும் கெப்பாசிட்டருக்கும் நடுவில் சில விநாடிகள் பிடிக்கணும். அதற்குப் பிறகும் மல்டிமீட்டரில் பார்த்து, வோல்டேஜ் பூஜ்யத்துக்கு வந்ததை உறுதி செய்யணும். எல்லா ஃபில்டர் கெப்பாசிட்டரையும் பார்க்கணும், ஒன்றை மட்டும் அல்ல. ஆன் செய்து அளக்க வேண்டி வந்தால் ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைப்பது பழைய டெக்னீஷியன்களின் வழக்கம். ஸ்பீக்கர் இணைக்காமல் ஆம்ப்பை ஓட்டக் கூடாது, அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

வால்வு ஆம்ப்புக்குள் இதுவரை கை வைக்காதவருக்கு இது முதல் பாடமாக இருக்கக் கூடாது. அனுபவமுள்ள டெக்னீஷியனிடம் கொடுப்பதே சரி. என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போனால் போதும்: பஃபர் உண்டா, சென்ட் லெவல் குறைக்க முடியுமா, லூப்பை முழுதாக விலக்கும் பைபாஸ் சுவிட்ச் வைப்பீர்களா.

துளை போடலாமா?

1980-களின் அசல் 2203 ஒன்று கையில் இருந்தால் இந்தக் கேள்வி பணக் கேள்வி. சேஸிஸில் துளை போட்ட பழைய ஆம்ப்பை சேகரிப்பாளர்கள் குறைத்துத்தான் கேட்பார்கள். சால்டர் செய்ததைக் கழற்றலாம், துளையை அடைக்க முடியாது. முன்பே யாரோ துளை போட்ட ஆம்ப் என்றால் தயக்கமே வேண்டாம், அந்தத் துளைகளையே ஜாக்குக்குப் பயன்படுத்தலாம். துளையே போடக் கூடாது என்பவருக்கு வேறு பாதையும் உண்டு. ஆம்ப்பின் அவுட்புட்டை லோடு பாக்ஸில் கொடுத்து, அதில் இருந்து லைன் சிக்னல் எடுத்து, எஃபெக்ட்ஸ் போட்டு, இரண்டாவது பவர் ஆம்ப்பில் ஸ்பீக்கரை ஓட்டுவது. பவர் ஆம்ப் டிஸ்டார்ஷனுக்குப் பிறகும் டிலே போட முடிகிற வழி என்பதால், லூப்பால் பயனில்லாத சூப்பர் லீட்காரர்களுக்கும் இது உதவும். சுமக்க வேண்டிய பெட்டிகள்தான் கூடும்.

வேலை முடிந்ததும் எப்படிச் சோதிப்பது?

முதலில் லூப்பில் எதையும் செருகாமல் வாசித்துப் பாருங்கள். பிறகு பைபாஸ் செய்து பாருங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியக் கூடாது. அடுத்து சென்ட்டில் இருந்து ரிட்டர்னுக்கு ஒரு நீளக் கேபிளை மட்டும் செருகுங்கள். ட்ரெபிள் குறைந்தால் பஃபர் சரியில்லை. பெடலைச் செருகியதும் மட்டும் ஹம் வந்தால் சந்தேகப்பட வேண்டியது கிரவுண்ட் லூப். பெடலின் அடாப்டரை மாற்றிப் பார்க்கலாம். ஹம் போகிறது என்று ஆம்ப்பின் எர்த் பின்னை மட்டும் வெட்டிவிடாதீர்கள், மேலே சொன்ன அத்தனை ஆபத்தும் அங்கிருந்து தொடங்கும்.

லூப் வைத்து ஒன்றிரண்டு வருஷம் கழித்து வரும் வழக்கமான புகார் வேறு ஒன்று: ஆம்ப் திடீரென்று சத்தம் குறையும், விட்டுவிட்டுக் கேட்கும், தட்டினால் சரியாகும். வால்வை மாற்றியும் சரியாகாது. ரிட்டர்ன் ஜாக்குக்குள் ஒரு சின்ன சுவிட்ச் காண்டாக்ட் இருக்கு. எதுவும் செருகாதபோது சிக்னலை நேராக அனுப்புவது அதுதான். லூப்பைப் பயன்படுத்தாமலே விட்டால் அதில் ஆக்சைடு படிந்துவிடும். சென்ட்டையும் ரிட்டர்னையும் ஒரு சின்ன பேட்ச் கேபிளால் இணைத்துப் பாருங்கள். சத்தம் முழுதாகத் திரும்பி வந்தால் கோளாறு அந்த காண்டாக்ட்தான். ஆம்ப்பை அணைத்து, காண்டாக்ட் கிளீனரை பிளக்கில் கொஞ்சம் அடித்து, ஜாக்கில் பத்துப் பதினைந்து முறை செருகி எடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.